பயணம் தடைபடும்போது ஒரு முஃமின்

(ஹம்து, ஸலவாத்துக்குப் பின்...)

    

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டது. நம் மஹல்லாவிலிருந்து இந்த வாரம் மட்டும் மூன்று குடும்பங்கள் உம்ராவுக்குப் புறப்படுகின்றன. சிலர் சிங்கப்பூர், மலேசியா என்று சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டு மூன்று பேர் வந்து, "ஹஜ்ரத், பயண துஆவை எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது மனதில் ஒன்று உறுத்தியது. புறப்படும்போது என்ன ஓத வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். புறப்பட முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, போன வருடம் வரைக்கும்.

போன வருடம் என் அக்கா மகளுக்கு மலேசியாவில் கிள்ளானில் நிகாஹ். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவை முடித்துவிட்டு, அன்று இரவே திருச்சியில் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. நான், என் மனைவி, பிள்ளைகள் மூன்று பேர், என் அம்மா. அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பேத்தியின் நிகாஹ்வைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஒரு வருடத்து ஆசை. கட்டப்போகிற புடவையை நான்கு முறை மடித்து நான்கு முறை பிரித்துப் பார்த்தார்கள்.

இரவு எட்டு மணிக்கு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓர் ஓரமாக இஷா தொழுதோம். போர்டில் பார்த்தால் எங்கள் விமானத்துக்கு நேராக 'ரத்து' என்று போட்டிருக்கிறது. கவுண்டரில் கேட்டால் இயக்கக் காரணங்களாம். அடுத்து இடம் இருப்பது திங்கட்கிழமை இரவுதானாம். "மதியமே மெசேஜ் அனுப்பிவிட்டோமே சார்" என்கிறார் அந்தத் தம்பி. எந்த எண்ணுக்கு என்று கேட்டால், டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்டின் எண்ணைச் சொல்கிறார். டிக்கெட்டில் அவர் எண்தான் பதிவாகியிருக்கிறது. என் எண் இல்லவே இல்லை.

அந்த ஏஜென்ட் என் மனைவி வழியில் சொந்தம். இப்போது இந்த மஸ்ஜிதில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். மெசேஜ் வந்த நேரம் மதியம் ஒரு மணி பத்து நிமிடம். அப்போது அவர் என் முன்னால், இரண்டாவது ஸஃப்பில் உட்கார்ந்திருந்தார். "போனை ஸைலண்டில் போடுங்கள்" என்று வாராவாரம் நான் சொல்வதைக் கேட்டு ஸைலண்டில் போட்டிருந்தார். பிறகு எடுத்துப் பார்த்தபோது வாட்ஸ்அப்பும் விளம்பரமும் வந்து குவிந்ததில் அந்த மெசேஜ் அடியில் போய்விட்டது. நான் பயான் செய்துகொண்டிருந்த நேரத்தில்தான் என் பயணம் ரத்தாகியிருக்கிறது!

இப்போது சிரிக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி என் மனைவியைப் பார்த்து, "உன் சொந்தக்காரன்கிட்ட டிக்கெட் போடணும்னு சொன்னது நீதானே?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. வரிசையில் நின்ற முப்பது நாற்பது பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். தாடி, தொப்பி, ஜுப்பா சகிதமாக. என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்மாதான், "அந்தப் புள்ளைய எதுக்குடா ஏசுற? பிளேனை அவளா நிறுத்துனா?" என்றார்கள்.

கண்ணியத்திற்குரியவர்களே! அரபியில் பயணத்துக்கு 'ஸஃபர்' என்று பெயர். திரை விலகுவது, வெளிப்படுவது என்ற பொருள் அந்தச் சொல்லின் வேரில் இருக்கிறது. மனிதனின் குணத்தை வெளிப்படுத்திவிடுவதால்தான் அதற்கு ஸஃபர் என்று பெயர் வந்தது என்று உலமாக்கள் சொல்வார்கள். உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து இன்னொருவரைப் பற்றி நல்ல சாட்சி சொன்னபோது, நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்றார்கள். அந்தச் சம்பவத்தை நான் எத்தனையோ முறை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். அந்த இரவு, என்னோடு வரிசையில் நின்றவர்களுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்துவிட்டது.

பயணம் கஷ்டமானது என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. பயணம் என்பது வேதனையின் ஒரு துண்டு, அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. விமானமும் ஏசியும் வந்த பிறகும் அது மாறவில்லை. ஆனால் அந்த வேதனையை நாம் யார் மேல் இறக்கி வைக்கிறோம்? அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு பயணம். நபி (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் படையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் உடன் இருக்கிறார்கள். பைதா அல்லது தாத்துல் ஜைஷ் என்ற இடத்தில் அன்னையின் கழுத்து மாலை அறுந்து விழுந்து காணாமல் போய்விட்டது. அது அவர்களுடைய சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவலாக வாங்கியது என்று வேறோர் அறிவிப்பில் வருகிறது. இரவல் நகை தொலைந்தால் மனது என்ன பாடுபடும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

மாலையைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். மொத்தப் படையும் நின்றுவிட்டது. அந்த இடத்தில் தண்ணீர் இல்லை. யாருடைய தோல்பையிலும் தண்ணீர் இல்லை. மக்கள் என்ன செய்தார்கள்? நேராக அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனார்கள். உங்கள் மகள் செய்ததைப் பார்த்தீர்களா, தண்ணீர் இல்லாத இடத்தில் அல்லாஹ்வின் தூதரையும் மக்களையும் நிறுத்தி வைத்துவிட்டார் என்று முறையிட்டார்கள்.

கவனியுங்கள். நபித்தோழர்கள்தான். நபிமார்களுக்குப் பிறகு சிறந்த சமுதாயம். ஆனாலும் மனிதர்கள். தாமதம் என்று வந்தவுடன், 'இது யாரால் வந்தது?' என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அது ஒரு பெண்ணைப் போய்ச் சுட்டியது. பெண்ணின் தகப்பனாரிடம் புகாராகப் போனது. என் விமான நிலையக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இல்லை.

அபூபக்ர் (ரலி) அவர்கள் மகளிடம் வருகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அன்னையின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். தகப்பனார் மகளைக் கண்டிக்கிறார்கள். அல்லாஹ் நாடியதையெல்லாம் சொன்னார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். அதாவது என்னென்ன ஏசினார்கள் என்பதை அன்னை வெளியில் விரித்துச் சொல்லவில்லை. தகப்பனாரின் கண்ணியத்தைக் காத்து அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கையால் இடுப்பில் குத்தவும் செய்தார்கள். வலிக்கிறது. ஆனாலும் அன்னை அசையவில்லை. அசைந்தால் மடியில் உறங்கும் நாயகத்தின் தூக்கம் கலைந்துவிடும்.

நபி (ஸல்) அவர்களுக்குத்தான் எல்லோரையும்விடப் பெரிய பொறுப்பு. படை நிற்கிறது, தண்ணீர் இல்லை, விடிந்தால் தொழுகை இருக்கிறது. இந்த அறிவிப்பு முழுவதையும் படித்துப் பாருங்கள். மனைவியை நோக்கி, 'பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா?' என்று அவர்கள் கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. தேட ஆள் அனுப்பினார்கள். பிறகு அந்த மனைவியின் மடியிலேயே தலைவைத்து உறங்கினார்கள். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. மீதி அல்லாஹ்விடம் இருக்கிறது. தவக்குல் என்பதற்கு நான் மதரஸாவில் எத்தனையோ இலக்கணம் படித்தேன். இந்த உறக்கத்தைப் போல ஒரு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

விடிந்தது. தண்ணீர் இல்லை. அப்போதுதான் தயம்மும் வசனத்தை அல்லாஹ் இறக்கினான். தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணைக் கொண்டு தூய்மை செய்துகொள்ளும் சலுகை. உஸைத் இப்னு ஹுளைர் (ரலி) அவர்கள், அபூபக்ரின் குடும்பத்தாரே, உங்களால் கிடைத்த பரக்கத்துகளில் இது முதலாவதல்ல என்று சொன்னார்கள். இரவில் யாரால் பயணம் கெட்டது என்று பேசினார்களோ, அவர்களால் கிடைத்த பரக்கத் என்று காலையில் பேசுகிறார்கள். ஒட்டகத்தை எழுப்பினால் அதன் அடியிலேயே மாலை கிடக்கிறது.

இன்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிற நோயாளி, தண்ணீரைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாலும், தொழுகையை விடாமல் இருக்கிறார் என்றால், அது ஒரு பயணம் தடைபட்ட இடத்தில் இறங்கிய சலுகையிலிருந்துதான்.

இதைக் கேட்டவுடன் சிலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். 'ஆகவே ஹஜ்ரத், உங்கள் விமானம் ரத்தானதிலும் ஏதோ ஒரு பெரிய நன்மை இருந்திருக்கும்.' என்னிடம் நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அந்த விமானத்தில் போயிருந்தால் ஏதாவது ஆபத்து வந்திருக்கும், அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்றார்கள். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். ஆனால் அதை நாம் எப்படி அறிவோம்? மறைவானது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். திங்கட்கிழமை விமானம் பத்திரமாகத்தான் இறங்கியது. சனிக்கிழமை போன மற்ற விமானங்களும் பத்திரமாகத்தான் இறங்கின. என் அம்மா பேத்தியின் நிகாஹ்வை நேரில் பார்க்கவில்லை. வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலியில், அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, வீடியோ காலில் பார்த்தார்கள். ஈஜாப் கபூல் சொல்கிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. அதற்கு என்ன காரணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூஸா (அலை) அவர்களும் ஹிள்ர் (அலை) அவர்களும் சேர்ந்து போன பயணத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கஹ்ஃப் சூராவில் ஓதுகிறோம். ஏழைகளின் படகில் ஒரு பலகையை ஹிள்ர் (அலை) அவர்கள் உடைத்துவிட்டார்கள். நல்ல படகுகளையெல்லாம் அபகரிக்கும் ஓர் அரசன் இருந்தான், அதனால்தான் இதைப் பழுதாக்கினேன் என்று காரணம் சொன்னார்கள். யாரிடம் சொன்னார்கள்? மூஸா (அலை) அவர்களிடம். படகுக்காரர்களிடம் சொன்னதாகக் குர்ஆனில் இல்லை. அவர்கள் கண்டது உடைந்த பலகையை மட்டும்தான். நாம் பெரும்பாலும் அந்தப் படகுக்காரர்களின் இடத்தில்தான் நிற்கிறோம். காரணம் தெரிந்தால்தான் பொறுப்பேன் என்றால், அது பொறுமை ஆகாது.

இஸ்திகாரா செய்துவிட்டு டிக்கெட் போடுகிற நல்ல பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. பிறகு பயணம் நின்றுவிட்டால், "இஸ்திகாரா செய்துதானே கிளம்பினேன், ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அந்த துஆவில் நாம் என்ன கேட்டோம்? இந்தக் காரியம் எனக்கு நல்லது என்று நீ அறிந்தால் அதை எளிதாக்கு, கெட்டது என்று அறிந்தால் அதை என்னைவிட்டும் திருப்பிவிடு, என்னையும் அதைவிட்டுத் திருப்பிவிடு, நல்லது எங்கே இருந்தாலும் அதைக் கொடுத்து என்னைத் திருப்தி அடையச் செய் என்ற கருத்தில்தானே கேட்டோம்? திருப்பிவிடு என்று நாமே கேட்டுவிட்டு, திருப்பிவிட்டால் ஏன் என்று கேட்கலாமா? அந்த துஆவின் கடைசிப் பகுதி திருப்தியைக் கேட்கிறது. அதை மட்டும் மனப்பாடமாக ஓதிவிட்டு விட்டுவிடுகிறோம்.

முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் பிரபலமான ஹதீஸ் ஒன்று. உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் காட்டு, அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக உட்கார்ந்துவிடாதே, உனக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் 'நான் இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லாதே, அல்லாஹ் விதித்தான், அவன் நாடியதைச் செய்தான் என்று சொல், 'லவ்' என்ற சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடுகிறது என்ற கருத்தில் அமைந்தது. 'லவ்' என்றால் 'இருந்திருந்தால்'. வேறு ஏஜென்டிடம் போட்டிருந்தால், வியாழனே கிளம்பியிருந்தால், சென்னை வழியாகப் போயிருந்தால்... அன்றைக்குத் திருச்சியிலிருந்து திரும்பி வந்த காரில் நான் இந்த 'லவ்'வைத்தான் ஓதிக்கொண்டு வந்தேன். ஷைத்தான் அந்த வாசல் வழியாக வந்து எங்கே உட்காருவான்? கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்காருவான். சும்மா ஒரு பழைய விஷயத்தை நினைப்பதோடு அவன் விடுவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது நள்ளிரவைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட தனியா மன்னிப்புக் கேட்டுட்டீங்க. ஆனா அங்க எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க" என்றார். நியாயமான வார்த்தை. அடுத்த நாள் காலை, பிள்ளைகளும் அம்மாவும் இருக்கும்போது, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். அந்த வரிசையில் நின்றவர்களை எங்கே போய்த் தேடுவது?

அந்த ஹதீஸின் முதல் பாதியை நாம் விட்டுவிடக் கூடாது. இயலாதவனாக உட்கார்ந்துவிடாதே என்பதும் நபியின் கட்டளைதான். பொறுமை என்றால் நம் உரிமையைக் கேட்காமல் இருப்பதல்ல. விமான நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால் மாற்று விமானமோ, பணத்தைத் திரும்பப் பெறுவதோ பயணிக்கு உண்டு என்று இந்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி வைத்திருக்கிறது. மாற்று விமானத்துக்காக அங்கேயே காத்திருப்பவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் கொடுக்க வேண்டும். முறையாக முன்கூட்டியே தெரிவிக்காமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. புயல், வெள்ளம் போல நிறுவனத்தின் கையை மீறிய காரணமாக இருந்தால் இழப்பீடு கிடையாது. டிக்கெட் எடுக்கும்போது தொடர்பு எண்ணைச் சரியாகக் கொடுக்காவிட்டாலும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், டிக்கெட் யார் போட்டுக் கொடுத்தாலும் பயணியின் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று சொன்ன மார்க்கம் இது. அன்று நான் ஒட்டகத்தைக் கட்டவில்லை. வேறு ஒருவர் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்பதிலும் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. கவுண்டரில் நிற்கிற அந்தத் தம்பி விமானத்தை நிறுத்தவில்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற பிள்ளை. அன்று அவருக்கு விழுந்த ஏச்சில் பாதி, சம்பந்தமே இல்லாதது. வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சிலர் பேசினார்கள். அவர் நாளை மறுமையில் நம் நன்மைகளிலிருந்து பங்கு கேட்டு வந்து நின்றால் என்ன செய்வோம்? இன்னொரு விஷயம். இழப்பீடு வருகிறது என்பதற்காகத் தங்காத ஹோட்டலுக்குப் பில் வாங்குவது, ஐநூறு ரூபாய் டாக்ஸிக்கு இரண்டாயிரம் என்று எழுதுவது, இதெல்லாம் ஹராம். கம்பெனிக்காரன் பணம்தானே என்று யாரும் ஃபத்வா கொடுக்க முடியாது.

தொழுகை விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வெளியூரில் விமானம் ரத்தாகி மாட்டிக்கொள்கிறீர்கள். இன்று கிளம்பும், நாளை கிளம்பும் என்று நாட்கள் போகின்றன. கஸ்ர் செய்யலாமா? ஹனஃபி மத்ஹபில், ஓர் ஊரில் பதினைந்து நாட்கள் தங்குவதாக நிய்யத் வைக்காத வரை நீங்கள் பயணிதான். நாளை நாளை என்று எத்தனை நாள் போனாலும் சுருக்கித்தான் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாட்கள் தங்குவது உறுதி என்றால் பயணி என்ற நிலை போய்விடும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று காத்திருப்பவர் பதினெட்டு நாட்கள் வரை கஸ்ர் செய்யலாம். இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனி வழியை அடைத்துவிட்டதால் ஆறு மாதம் தங்கியிருந்து கஸ்ராகவே தொழுதார்கள் என்று பைஹகியில் பதிவாகியிருக்கிறது. ஆறு மாதம்! நாம் ஆறு மணி நேரத்துக்கு என்ன ஆட்டம் ஆடுகிறோம்.

எங்களைப் போல உள்ளூர் விமான நிலையத்திலிருந்தே வீடு திரும்பினால்? போகிற பயணத்தின் நிய்யத்தில் ஊர் எல்லையைத் தாண்டி, கஸ்ராகத் தொழுத இஷா செல்லும். திரும்பத் தொழ வேண்டாம். ஆனால் பயணத்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று முடிவு செய்தபின், அது கஸ்ருடைய தூரத்துக்குள் இருந்தால், அடுத்து வருவதை முழுதாகத்தான் தொழ வேண்டும். விமான நிலையத்தில் குழாயில் தண்ணீர் ஓடும்போது, கூட்டமாக இருக்கிறது என்று தயம்மும் செய்யக்கூடாது. நிற்க முடிகிறவர் கூச்சப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்து பர்ளு தொழுவதும் கூடாது.

உம்ராவுக்குப் போகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். இஹ்ராம் துணியைக் கட்டுவது இஹ்ராம் ஆகாது. நிய்யத் வைத்தால்தான் இஹ்ராம். வீட்டிலேயே குளித்து, துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. நிய்யத்தை மட்டும் விமானத்தில் ஏறி, மீகாத் நெருங்கும்போது வையுங்கள். அறிவிப்புச் செய்வார்கள். தூங்கிவிடுவோம் என்று பயப்படுகிறவர் விமானம் வானில் ஏறியபின் வைத்துக்கொள்ளட்டும். வீட்டு வாசலில் எல்லோர் முன்னாலும் நிய்யத் வைத்து, தல்பியா சொல்லிக் கிளம்பி, விமானம் ரத்தாகிவிட்டால் இஹ்ராமின் தடைகள் அத்தனையும் உங்கள் மேல் நிற்கும். துணியை மாற்றினால் இஹ்ராம் போய்விடும் என்று நினைத்து, நறுமணம் பூசி, நகம் வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி மாட்டிக்கொண்டால் உடனே ஓர் ஆலிமைக் கேளுங்கள். ளுபாஆ பின்த் ஜுபைர் (ரலி) அவர்கள் உடல்நலம் இல்லாமல் ஹஜ்ஜுக்கு நாடியபோது, நீ என்னைத் தடுக்கும் இடத்தில் நான் இஹ்ராமிலிருந்து விடுபடுவேன் என்று நிபந்தனை வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் உள்ளவர்களுக்கு இது பயன்படும்.

உம்ராவுக்குக் கிளம்பித் தடுக்கப்பட்டவர்களில் நாம் முதலாமவர்கள் அல்ல. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, சுமார் 1,400 பேர் இஹ்ராமோடு ஹுதைபிய்யாவில் நிறுத்தப்பட்டார்கள். மக்கா எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. திரும்பிப் போங்கள், அடுத்த வருடம் வாருங்கள் என்று உடன்படிக்கை. உமர் (ரலி) அவர்களால் தாங்க முடியவில்லை. கஅபாவுக்குப் போவோம் என்று நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். இந்த வருடமே போவோம் என்று சொன்னேனா என்று நாயகம் திருப்பிக் கேட்டார்கள். அறுத்துப் பலியிட்டுத் தலையை மழியுங்கள் என்று மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. துக்கம் அப்படி. நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் போய் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடமும் பேசாதீர்கள், நீங்கள் போய் உங்கள் பிராணியை அறுங்கள், தலையை மழிப்பவரை அழைத்து மழித்துக்கொள்ளுங்கள் என்று அன்னை ஆலோசனை சொன்னார்கள். அப்படியே செய்தார்கள். பார்த்தவுடன் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். 1,400 ஆண்கள் இடிந்து உட்கார்ந்திருந்த இடத்தில் வழி சொன்னது வீட்டுப் பெண். என் மனைவியும் அன்று கவுண்டரில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான்தான் கேட்கவில்லை. திங்கட்கிழமை இடத்தை உடனே உறுதி செய்யுங்கள், பிறகு கோபப்படலாம் என்று சொல்ல வந்தாராம்.

ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பும் வழியில் ஃபத்ஹ் சூரா இறங்கியது. அந்தத் திரும்புதலைத் தெளிவான வெற்றி என்று அல்லாஹ் பெயரிட்டான். அடுத்த ஆண்டு உம்ரா நிறைவேறியது. புறப்பட்ட நிய்யத்துக்குக் கூலி உண்டு. நிஸா சூராவில், ஹிஜ்ரத் செய்யக் கிளம்பி வழியிலேயே இறந்துவிட்டவருக்கு அவருடைய கூலி அல்லாஹ்விடம் உறுதியாகிவிட்டது என்று வருகிறது. போய்ச் சேரவில்லையே என்று அவன் கணக்கைக் குறைப்பதில்லை. உறவைச் சேர்ந்து வாழ வேண்டும் என்று கிளம்பிய என் அம்மாவின் நிய்யத்துக்கும் அவனிடம் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஜமாஅத்துக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அப்போதும் மூடினார்கள். 2024 ஏப்ரலில் துபாயில் பெய்த மழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே தரையில் படுத்துக் கிடந்தார்கள்! ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் 'இப்னுஸ் ஸபீல்' என்று வழிப்போக்கரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். ஊரில் வசதியானவராக இருந்தாலும், வழியில் கையில் பணமில்லாமல் நின்றால் அவரும் அதில் அடங்குவார். ரயிலோ பஸ்ஸோ நின்றுபோய் நம் ஊரில் யாராவது குடும்பத்தோடு மாட்டிக்கொண்டால், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், தங்க இடம், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, இவ்வளவாவது நம்மால் முடியும். பள்ளிவாசல் மேல்மாடியில் இரண்டு அறைகள் சும்மாதான் இருக்கின்றன. நிர்வாகிகள் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் கிளம்பும் மூன்று குடும்பங்களும் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் இருங்கள். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எண் யாருடையது என்று நம் ஏஜென்ட் சகோதரரே சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

யா அல்லாஹ்! எங்கள் மஹல்லாவிலிருந்து உன் வீட்டை நாடிப் புறப்படுகிறவர்களின் பயணத்தை எளிதாக்குவாயாக! வழியில் தடை வந்தால் அவர்களுடைய நாவைக் காப்பாயாக, உடன் வருகிறவர்களின் மனதைக் காப்பாயாக! பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஏங்கும் பெற்றோருக்கு அந்தக் காட்சியை நீ தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.